நான்காவது மூச்சு

2016 ஜூலை 23. லூசியானா மாநிலம், யூனிஸ் ஊருக்குத் தெற்கே, நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கும் புல் ஓடுதளத்தின் கடைசிக் கொட்டகையில் க்ளோவிஸ் மெஷ் என்பவர் இறந்து காணப்பட்டார். சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்த விமானத்தின் மூக்கருகே, நின்ற நிலையில். மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல், அதே கொட்டகையில், அதே இன்ஜினின் காற்றுக்குழாயில் திணித்து வைத்திருந்த நீலத் துணியை, க்ளோவிஸிடம் வேலை பழகிய ஆல்டன் ஃப்ரூஷே உருவி எடுத்தான். துணி ஈரமாக இருந்தது.

திறந்த துளையைத் திறந்தபடி விட்டுப் போவது விமானம் கட்டுகிறவர்களிடையே பாவத்தில் சேர்த்தி. ஒரு திருகாணி உள்ளே விழுந்தால் போதும்; இல்லையென்றால் குளவி மண்கூடு கட்டி, கொட்டி மயக்கிய சிலந்திகளை உயிரோடு அடுக்கி வைத்துவிடும். அதனால்தான் காய்ந்த துணியாகப் பார்த்து அவனே கையால் திணித்திருந்தான். எண்ணெய் கசிந்திருக்கும் என்று முதலில் நினைத்தான். எண்ணெய்க்கு நிறம் இருக்கும். இதற்கு நிறமில்லை. விரலை விலக்கியபோது, நறுக்கிய வெண்டைக்காயின் கோழையைப் போல நூலாக நீண்டு, அறுந்து, அவன் மணிக்கட்டில் வெதுவெதுப்பாக ஒட்டிக்கொண்டது. துணியின் நடுப்பகுதி மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி இருந்தது. முகர்ந்திருக்க வேண்டாம். முகர்ந்தான். பல நாள் பல் துலக்காத நோயாளியின் விடியற்காலை வாய்நாற்றம்.

குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டுக் கையை மண்ணெண்ணெயில் கழுவினான். பிறகு சோப்பு. மறுபடி மண்ணெண்ணெய்.

வேலையைத் தள்ளிப்போட முடியாது. சாயங்காலம் மிஸ் ஒடீல் வருகிறாள். க்ளோவிஸின் மனைவி; மூத்த பெண்களை அந்த ஊரில் மரியாதையாக 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதியில் நின்ற விமானத்தைக் கட்டி முடிக்கச் சொல்லி ஆல்டனிடம் ஒப்படைத்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அவன் கட்டின இன்ஜின் மூச்சு விடறத நான் ஒரு தடவ கேக்கணும். அப்புறம் நீ பறப்பியோ, வயல்ல சோளக்கொல்லைப் பொம்மையா நிறுத்துவியோ, உன் பாடு." மிச்சமிருந்தது கடைசி வேலை: பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய, காற்றைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு த்ராட்டில்களை, இன்ஜினுக்குள் உருளும் இரண்டு ரோட்டார்களுக்கும் ஆளுக்கொன்றாக, காற்றுக்குழாய்களின் முனையில் பொருத்துவது. உள்ளங்கை அகலத்தில் இரண்டு வட்ட வாய்கள். ஒவ்வொன்றின் தொண்டையிலும் ஒரு பித்தளைத் தகடு. ஸ்பிரிங் அதை மூடியே வைத்திருக்கும்.

முதல் த்ராட்டிலைப் பொருத்தி, நான்கு திருகாணிகளையும் குறுக்குக் குறுக்காக முடுக்கினான். இரண்டாவதை வைக்கும்போது குழாய்க்குள்ளிருந்து லேசான சூடு அவன் விரல்களில் பட்டது. தகரக் கூரை வெயிலில் படபடத்தது. வெளியே வயலில் தவளைகள் மழையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கொட்டகை முழுவதும் சூடுதான், இதில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அந்தச் சூடு ஈரமாக இருந்தது. வந்தது. நின்றது. வந்தது.

க்ளோவிஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. இன்ஜினுக்குள் காற்று கசிகிறதா என்று மற்றவர்கள் கருவி வைத்துப் பார்ப்பார்கள். அவர் காற்றுத் துளையில் வாயை வைத்து ஊதுவார். "காத்து எங்க கசியுதுன்னு உதட்டுக்கே தெரியும்டா," என்பார். ஓடுதளத்தில் அவருக்கு 'இன்ஜினுக்கு முத்தம் கொடுக்கிறவன்' என்று பெயர். அவர் இறந்து நின்றதை முதலில் பார்த்தது ஆல்டன். ஒடீல் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. கொட்டகை உள்ளிருந்து பூட்டியிருந்தது, ஈக்கள் கதவிடுக்கில் கறுப்பாக மொய்த்திருந்தன. பார்த்ததில் ஒன்றை மட்டும் அவன் ஒடீலிடம் சொல்லவில்லை. க்ளோவிஸ் ஏன் விழாமல் நின்றார் என்பதை. அவருடைய வாய் துளையோடு ஒட்டியிருந்தது. அவன் தோளைப் பிடித்து இழுத்தபோது முகம் வந்தது. உதடுகள் உடனே வரவில்லை.



அந்தக் காட்சி மறைய வேண்டுமென்று வேலையில் இறங்கி, இரண்டாவது த்ராட்டிலையும் முடுக்கி முடித்தான். பேட்டரியைக் கழற்றி, முன் ரோட்டாரின் ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுழற்றினான். இந்த இன்ஜினில் பிஸ்டன் கிடையாது; மூன்று முகம் கொண்ட ரோட்டார்கள்தான் உள்ளே உருளும். ஒவ்வொரு முகமும் பிளக் துளையைக் கடக்கும்போது ஒரு மூச்சு விடும். மூன்றும் ஒரே அளவாக இருந்தால் இன்ஜின் நலம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள், மருத்துவர் மார்பில் காது வைப்பது போல.

ஃபுஸ். ஃபுஸ். ஃபுஸ்.

ஒரே அளவு. ஆல்டன் கையை எடுத்தான். ப்ரொப்பெல்லர் அசையாமல் நின்றது.

ஃபுஸ்ஸ்ஸ்.

நீளமாக. ஈரமாக. மூக்கடைத்த கிழவர் தூக்கத்தில் விடுவது போல.

அவன் மறுபடி சுழற்றினான். மூன்று. நிறுத்தினான். நான்கு. பிளக் துளையின் விளிம்பில் நுரைக் குமிழி ஒன்று புடைத்து உடைந்தது. நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது: இனிப்பாக, சில்லென்று, புதினா கலந்த புகையிலை. க்ளோவிஸ் கீழுதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்வது. ஆல்டன் கொட்டகை வாசலுக்கு ஓடிப் புல்லில் வாந்தியெடுத்தான். நிமிர்ந்தபோது ஒடீலின் பிக்கப் வண்டி வரப்போரம் வந்து நின்றது.

"என்ன கண்ணு, நேத்து ராத்திரி பீர் ஜாஸ்தியா?" என்றபடி இறங்கினாள். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பை. அதில் சூடான பூதான். "பன்னிக்குடல்ல அரிசி அடைச்சது. தின்னு, வயிறு சரியாவும்."

"மிஸ் ஒடீல், இன்னிக்கு வேணாம். நாளைக்கு வாங்களேன்."

"ஏன்?"

"கேஸ்கட் சரியா உக்காரல."

"பொய் சொல்றப்ப உன் காது செவக்குது, உங்கப்பன் மாதிரியே." எட்டிப் பார்த்தாள். "ரெண்டு த்ராட்டிலும் மாட்டியாச்சு. அப்புறம் என்ன? பொண்டாட்டிக்குப் பயந்தவன நெறைய பாத்திருக்கேன். இன்ஜினுக்குப் பயந்தவன இப்பத்தான் பாக்குறேன்."

"உள்ள என்னமோ செத்துக் கெடக்கு. நாத்தம் தாங்கல. கழட்டிச் சுத்தம் பண்ணிட்டுக் கூப்பிடுறேன், தயவுசெஞ்சு."

"முப்பது வருஷம் அவன் சாக்ஸத் தொவைச்சவ நான். என்கிட்ட நாத்தத்தப் பத்திப் பேசாத."

சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. உங்கள் புருஷனுடைய உதடுகளை நான் கத்தியால் பிரித்தேன் என்று அந்தப் பை இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? அவன் தயங்கிய நேரத்தில் அவள் ப்ரொப்பெல்லரைப் பிடித்துவிட்டாள். பழகிய பிடி. "நான் சுத்துவேன், அவன் ஊதுவான். எங்க ஞாயித்துக்கிழம பூசையே இதுதான்."

ஃபுஸ். ஃபுஸ். ஃபுஸ்.

அவள் சிரித்தாள். கையை எடுத்தாள்.

ஃபுஸ்ஸ்ஸ்.

சிரிப்பு நின்றது. முகம் பயந்ததாகத் தெரியவில்லை. தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பினாள். வாசனை அவளுக்கும் எட்டியிருந்தது.

"மூக்கு அடைச்சிருக்கா?" என்றாள், மெதுவாக. ஆல்டனிடம் அல்ல.

"மிஸ் ஒடீல், தள்ளி வாங்க."

அவள் ப்ரொப்பெல்லரைச் சுற்றி இன்ஜின் பக்கமாக நடந்தாள். த்ராட்டில்களில் கேபிள் இன்னும் கட்டப்படவில்லை. ஸ்பிரிங் இறுக்கமானது, விரலால் தள்ளினாலே வலிக்கும். இரண்டு பித்தளைத் தகடுகளும் தாமாகத் திரும்பின. மெல்ல. அகலமாக. உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ மினுங்கியது. கோழை நூல்கள் மேலுக்கும் கீழுக்கும் இழுபட்டு, அறுந்து, அலுமினிய விளிம்பில் வழிந்தன.

"தொடாதீங்க! அவரு அப்படித்தான்..."

அவள் குனிந்தாள். கூந்தலை ஒரு கையால் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். முத்தமிடும் பெண் செய்வது போல.

சத்தம் சின்னதுதான். சிப்பியை ஓட்டிலிருந்து உறிஞ்சும் சத்தம்.

ப்ரொப்பெல்லர் பின்பக்கமாகச் சுழலத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. அவள் கன்னங்கள் உள்வாங்கின. கண்கள் திறந்திருந்தன. ஆல்டன் இடுப்பைப் பிடித்து இழுத்தான். பாதங்கள் தரையில் வழுக்கின. தலை வரவில்லை. இழுத்தான். கழுத்து நீண்டது. உள்ளே ஒரு பல் உடைந்தது, பிறகு இன்னொன்று. இன்ஜின் அதை மென்றது. நிதானமாக. அவன் முழங்கையில் வெதுவெதுப்பாக வழிந்தது. புதினா. பூதான். இரும்பு. அவன் கத்தியைத் தேடினான்.

இந்த முறையும் மாரடைப்பு என்றுதான் மருத்துவர் எழுதினார். முகத்துக் காயங்கள் விழுந்ததால் ஏற்பட்டவை என்றும் எழுதினார்.

ஒடீல் மெஷ், கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டாள். விமானத்தை வாங்க யாரும் வரவில்லை. த்ராட்டில்களின் வாய்களை ஆல்டன் அலுமினிய டேப்பால் மூன்று சுற்று ஒட்டி, கொட்டகையைப் பூட்டினான். அறுவடைக்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்தான். டேப் கிழியவில்லை. ப்ரொப்பெல்லர் நின்றிருந்தது. டேப் மட்டும் உள்ளே குழிந்தது, வெளியே புடைத்தது. அவன் வாசலிலேயே நின்று மூச்சுகளை எண்ணினான். மூன்று. க்ளோவிஸோடு நான்கு.

ஐந்து.