கீழறைக் குடிகாரன்

வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் வாளி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. கீழறையின் கடைசிப் படியில் நின்று அவள் அதையே பார்த்தாள். மழைக்காலத்தில்கூட நாள் முழுக்க ஓடினால்தான் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் அந்த மெஷினின் வாளி பாதியாவது நிறையும். இப்போது மழை நின்று எத்தனையோ வாரமாகிவிட்டது, சுவரில் கை வைத்தால் மாவு மாவாய் உதிர்கிறது. காலையில்தான் அவளே காலி செய்து வைத்தாள். அப்படியென்றால் இவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வந்து தொலைத்தது?

வீட்டுக்கு அடியில் பூசணம் பிடித்துக் கிடந்த அந்த அறையை மனுஷன் படுக்கிற இடமாக ஆக்கியது அவள்தான். மூலையில் குழி வெட்டிப் பம்பு வைத்தாள். சுவரின் பழைய பூச்சைச் சுத்தியலால் கொத்தி எடுத்துவிட்டு, நீர்க்கசிவு தடுக்கும் பூச்சைப் பூசினாள். தரையில் பாலித்தீன் தாளை ஒட்டி வைத்து, அடியில் வியர்க்கிறதா என்று தினமும் உரித்துப் பார்த்தாள். வெளிக்காற்றோடு ஈரம் நுழைந்துவிடக் கூடாதென்று கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, மேலே இருந்த காற்றுத் துவாரத்தையும் சிலிக்கான் பசையால் அடைத்தாள்.

"மூச்சு விடவாவது ஒரு ஓட்டை வைம்மா தாயே," என்று கணவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது," என்றாள். டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

எல்லாம் தம்பிக்காகத்தான். ராத்திரியெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு வருகிறவனுக்குப் பகலில் தூங்க இருட்டு வேண்டும். சின்ன வயதிலிருந்தே இளைப்பு, பூசண வாடையே ஆகாது. அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே ரத்த சொந்தம். மெஷினுக்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். "நாள் பூரா குடிக்கிறான், ஒரு சண்டை சச்சரவு கிடையாது. தங்கமான குடிகாரன்க்கா!"

இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நேற்றிலிருந்து உடம்பு முடியவில்லை என்று லீவு. வாளியைத் தூக்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காற்றிலிருந்து இறங்குகிற தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும். முகர்ந்தாள். கழற்றிப் போட்ட சட்டையின் வாடை. இந்தத் தண்ணீரை ஊற்றிய ரோஜாச் செடி கருகிப்போனதும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்ததும் நினைவுக்கு வர, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது.

"டேய், எந்திரி. மேல வந்து படு."

"இங்கதான்க்கா தூக்கம் வருது." குரலில் மணல் இருந்தது. "தொண்டைதான் காயுது. என்னைக் கருவாடு போட்டுடாத." சிரித்தான். சிரித்த இடத்தில் உதடு பிளந்தது. பிளந்த இடத்தில் ரத்தம் வரவில்லை.

வாளியை மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, தலைமாட்டில் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்து அவன் வாயில் சாய்த்தாள். மடக் மடக்கென்று குடித்தான். அவன் குடிக்கக் குடிக்க மெஷினின் உறுமல் கனத்தது. வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது ஓடையாக ஒழுகத் தொடங்கியது. கூஜா காலியானது. வாளி நிறைந்தது. தம்பியின் கன்னம் இன்னும் உள்ளே போயிருந்தது.

ஐயோ, சுவரில்தான் ஈரம் தீர்ந்துவிட்டதே! அப்புறம் அது எதைக் குடிக்கும்?

பிளக்கைப் பிடுங்கினாள்.

மெஷின் ஓடியது.

அவனைத் தூக்கப் போனாள். முழங்கையில் கை வைத்ததும் தோல் கையோடு வந்தது. அவன் கத்தினான். படியேறி ஓடி, உள்ளே வரும்போது சாத்திய கதவை இழுத்தாள். அவளே பார்த்துப் பார்த்து ஒட்டிய ரப்பர். கவ்விக்கொண்டிருந்தது. அசையவில்லை.

பம்புக் குழியோரம் சுத்தியல் கிடந்தது.

"நாசமாப் போறவனே, என் தம்பியா கேக்குது உனக்கு!"

ஓங்கி அடித்தாள். மூடி நசுங்கியது. பின்னால் தம்பி அலறினான்.

"இருடா, இதோ முடிஞ்சுது!"

மறுபடி அடித்தாள். பக்கவாட்டுத் தகடு உள்ளே போனது. மறுபடி. ஏதோ மடார் என்று முறிந்தது. மெஷினுக்குள்தான் என்று நினைத்தாள். கை நிற்கவில்லை, வெறி பிடித்துவிட்டது. அடி. அடி. வாளியிலிருந்து தெறித்து முகத்தில் விழுந்தது சூடாக இருந்தது. துடைத்தாள். கை சிவந்திருந்தது.

அலறல் எப்போது நின்றது?

திரும்பினாள்.

தம்பியின் நெற்றி நசுங்கியிருந்தது. விலாவில் ஒரு பள்ளம். நெஞ்சில் ஒரு பள்ளம். சதுரம் சதுரமாக. சுத்தியலின் முகம் அளவுக்கு. படுக்கையில் ஒரு துளி ரத்தம் இல்லை.

கண் மட்டும் அவளைப் பார்த்தது. உதடு அசைந்தது. "அக்கா... அடிக்காதக்கா."

பிறகு அதுவும் அசையவில்லை.

சுத்தியல் கைநழுவி விழுந்தது. மெஷின் கம்பியும் தகடுமாகச் சிதறிக் கிடந்தது. உறுமல் மட்டும் நிற்கவில்லை. சுவரில் காதை வைத்தாள். அங்கே இருந்தது. தரையிலும் இருந்தது.

மேலே கணவனின் காலடி. "என்னம்மா சத்தம் கீழ?"

கத்த வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது.

தம்பியைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. கன்னத்தில் இறங்கவில்லை.

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.