காலை எடுத்தால் நிற்கும் ரம்பம்

சனிக்கிழமை. பிற்பகல் மணி மூன்றைத் தாண்டிச் சில நிமிடம்.

கொன்ராட் ஐசெலெ தன் வீட்டுப் பின்புறப் பட்டறையில் ஒருக்களித்துக் கிடந்தார். நெற்றிப்பொட்டு உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு கனத்த மரக்கட்டை, அதன் ஓரத்தில் ரத்தம். அவருடைய ரம்பமேசை ஆளில்லாமல் தன்பாட்டுக்கு ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு காட்லோப் ஷெம்ப் முதலில் ஓடிப்போய் மின்இணைப்பைப் பிடுங்கினார். பின்னால் மூச்சிரைக்க வந்த எதிர்வீட்டு வால்ட்ராவுட் அம்மாள் வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார். உயிர் போய்விட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் இர்மா டோப்லர் வந்து இறங்கியபோது மணி மூன்றே முக்கால். காவலர் பெண்டர் அதற்குள் வழக்கையே முடித்து வைத்திருந்தார்.

"இதுல துப்பறிய ஒண்ணுமில்ல மேடம். இந்த மேசையைப் பாருங்க. கையில புடிச்சு அறுக்கிற வட்ட ரம்பத்தைத் தலைகீழாக் கவுத்து, சமையலறைப் பலகைக்கு அடியில திருகி வச்சிருக்காரு. பிளேடு மட்டும் மேல நீட்டிக்கிட்டு இருக்கு. மூடி கிடையாது. விசையை அமுக்கினபடி டேப் போட்டுச் சுத்தியாச்சு. கட்டை பிளேடுல மாட்டி எகிறி நெத்தியில அடிச்சிருக்கு. தனக்குத்தானே குழி வெட்டிக்கிட்டாரு மனுஷன்."

இர்மா முட்டி போட்டு மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். இர்மாவின் இடது கட்டைவிரல் நுனி கொஞ்சம் தட்டையாக இருக்கும். சனிக்கிழமைகளில் அவரும் மரம் அறுக்கிறவர்தான்.

பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறிற்று. செய்யக்கூடாத வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் செய்தவன் பயம் தெரிந்தவன். பிளேடுக்குப் பின்னால் ஒரு பழைய ரொட்டிக்கத்தியின் முதுகைத் தேய்த்து நிறுத்தியிருந்தார் கொன்ராட். அறுபட்ட மரம் இறுகி பிளேடைக் கவ்வாமல் அது பிரித்துவிடும். விரல் கிட்டே போகாதிருக்க, நுனியில் வெட்டு வைத்த தள்ளுகோல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, தரையில் ஒரு மிதிபலகை. அடியில் சாய்நாற்காலியிலிருந்து கழற்றிய சுருள்வில்லும் ஒரு மின்விசையும். ரம்பத்தின் பிளக்கை இதில் மாட்டி மிதித்தால் ரம்பம் ஓடும். காலை எடுத்தால் நிற்கும்.

"அடேங்கப்பா" என்றார் இர்மா, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல.

"அந்த மிதிபலகைதான் மேடம் காலை வாரிவிட்டிருக்கு. மனுஷன் விழுந்தப்புறமும் ரம்பம் நிக்கலையே! செஞ்சது பொண்ணு. வெளிய உக்காந்திருக்கு. அலட்சியத்தால மரணம்னு கேஸ் வரலாம்."

பட்டறைக்கு வெளியே, பனி மூடிய விறகு அடுக்கின்மேல் ரிக்கெ உட்கார்ந்திருந்தாள். கொன்ராட்டின் ஒரே மகள். நகரத்தில் மின்பணியாளர். சேதி கேட்டு, வேலை உடுப்போடே வந்திருந்தாள். அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசையை ஏம்மா டேப் போட்டுக் கட்டினாரு?" என்று கேட்டார் இர்மா.

"கவுத்துப் போட்டா விசை அடியில போயிடுதே, எப்படி அமுக்குறது? அப்பா கட்டிட்டு, சுவத்து சுவிட்சுல போட்டு நிறுத்திக்கிட்டிருந்தாரு. நான்தான் கத்தினேன். ஒரு ஆபத்துன்னா சுவருக்கு ஓடுவியா, கையைப் பாப்பியான்னு. அதுக்காகத்தான் மிதிபலகை செஞ்சேன்." கையால் பட்டறையைக் காட்டினாள். "அது நின்னிருக்கணும் மேடம். நான் செஞ்சது நிக்கல. எங்கப்பாவை நான்தான்..."

"அதை நான் சொல்லணும், நீ சொல்லாத" என்றார் இர்மா.

வால்ட்ராவுட் வீட்டுச் சமையலறையில் காப்பி ஆறிக்கிடந்தது. பேரிக்காய் ரொட்டி பாதி வெட்டியபடி இருந்தது. ஷெம்ப் கம்பளிக் கோட்டைக் கழற்றாமல், அதன் பையில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் நெற்றியில் வேர்வை.

"ரெண்டு மணியில இருந்தே ஷெம்ப் இங்கதான் இருந்தாரு இன்ஸ்பெக்டரம்மா" என்றார் வால்ட்ராவுட். "கோயில்ல மூணு அடிச்சு ஓயல, ரம்பம் ஆரம்பிச்சிருச்சு. எப்பவும் மரம் உள்ள போனா சத்தம் மாறும். இன்னிக்கு ஒரே ஊளை. இவருதான் முதல்ல எந்திரிச்சாரு. என்னமோ சரியில்லன்னு ஓடினாரு."

"மூணு மணிக்கு முன்னால சத்தம் கேட்டுச்சா?"

"மதியம் ஓடிச்சு. ஒரு மணி அடிச்சப்புறமும் நிக்கல! ஜன்னலைத் திறந்து சத்தம் போடலாமான்னு பாத்தேன். அதுக்குள்ள சட்டுனு நின்னுபோச்சு. நல்லவேளை, கொன்ராட் இவரு வாயில விழாம தப்பிச்சாரேன்னு நெனச்சேன்."

"ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் அமைதி நேரம், யாரும் சத்தம் போடக்கூடாது" என்றார் ஷெம்ப் விறைப்பாக. "நான் இந்தத் தெருவுக்கு வந்த நாள்ல இருந்து ஒரு தடவை மீறினது கிடையாது. அந்த நேரத்துல ஒரு ஆணிகூட அடிச்சதில்ல."

"இவரு தும்மல் வந்தாக்கூட மூணு மணி வரைக்கும் அடக்கி வச்சிருப்பாரு" என்றார் வால்ட்ராவுட்.

"ரம்பத்தை எப்படி நிறுத்தினீங்க சார்?"

"பிளக்கைப் புடுங்கினேன். பட்டறை அடுப்புக்குப் பின்னால, சுவத்துல இருந்து."

"ஆமா, நான் வாசல்ல இருந்து பாத்தேன். முதுகைக் காட்டிக்கிட்டு அந்தச் சுவர்கிட்ட குனிஞ்சிருந்தாரு."

அப்போது மணி நாலரை. வெளியே இருட்டிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் காகித நட்சத்திரம் எரிந்தது.

"என்ன ஷெம்ப், உங்க நட்சத்திரம் தூங்கிருச்சா?" வால்ட்ராவுட் ஜன்னல் வழியே காட்டினார். "நாலரை ஆனா யாரும் தொடாமலே பத்திக்குமே! கோயில் கடிகாரத்தையே அதைப் பாத்துத் திருப்பலாம்."

"பல்பு போயிருக்கும்" என்றார் ஷெம்ப்.

இர்மா எழுந்து கதவு வரை போய், அந்த இருண்ட ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்து மணிக்குப் பட்டறையில் எல்லோரும் கூடினார்கள். டாக்டர் பார்த்துவிட்டுப் போனபின் உடலை எடுத்துப்போயிருந்தார்கள். படம் பிடிப்பவர் தன் வேலையை முடித்திருந்தார்.

இர்மா சுவரைக் காட்டினார். "மிதிபலகையோட வயர் இந்தப் பக்கத்துச் சுவத்துல மாட்டினபடியே இருக்கு. ரம்பத்தோட பிளக் அதுல இல்ல, தரையில கிடக்கு. பெண்டர், கீழ விழற மனுஷன் ரம்பத்தை மிதிபலகையில இருந்து கழட்டி, அந்த அடுப்புக்குப் பின்னால போய் மாட்டிட்டு வந்து விழுந்தாரா?"

பெண்டர் குனிந்து அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

இர்மா ரம்பத்தை மிதிபலகையோடு இணைத்தார். மிதித்தார். பிளேடு சீறியது. காலை எடுத்தார். மூச்சு விடுவதுபோல் தணிந்து நின்றது. மறுபடி மிதித்தார், எடுத்தார். பிறகு ஓரமாகப் பாதி மிதித்து எடுத்தார், குதிகாலால் இடறிப் பார்த்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"இப்ப இதைப் பாருங்க." மேசையின் வெள்ளைப் பலகையில் ரத்தத் துளிகள் தெறித்திருந்தன. அவற்றின்மேல் மாவுபோல மரத்தூள். இர்மா ஏற்கெனவே ஒரு துளியின்மேல் ஊதிப் பார்த்திருந்தார். இப்போது இன்னொன்றின்மேல் ஊதினார். தூள் பறந்தது. அடியில் ரத்தம் பழுப்பாக, பளபளவென்று சுத்தமாக இருந்தது.

"பிளேடு சுத்தினா காத்தடிச்சுத் தூள் கிளம்பும். மூணு மணிக்கு அடிபட்டிருந்தா, ஈர ரத்தத்துல தூள் விழுந்து சேறாக் குழைஞ்சிருக்கும். இது காஞ்ச ரத்தத்துல விழுந்த தூள். அதாவது மூணு மணிக்கு ரம்பம் ஊளையிட்டப்போ, கொன்ராட் செத்து ரொம்ப நேரம் ஆச்சு. அடுப்புச் சூட்டுல உடம்பு ஆறாததால டாக்டராலயும் செத்த நேரத்தைச் சொல்ல முடியல."

"அப்ப ரம்பத்தைப் போட்டது யாரு?" என்றாள் ரிக்கெ.

"யாரும் இல்ல. ஆள் இல்லாம தானாப் பத்திக்கிற பொருள் ஒண்ணு இந்தத் தெருவுல இருக்கு. இன்னிக்குப் பத்திக்கல." இர்மா கையை நீட்டினார். "ஷெம்ப் சார், கோட்டுப் பையில இருக்கிறதைக் குடுங்க."

ஷெம்ப் கையைப் பைக்குள்ளேயே இறுக்கிக்கொண்டார். பெண்டர்தான் அந்தக் கையை மெல்ல வெளியே எடுத்தார். வட்ட முகம் கொண்ட நேரவிசை ஒன்று, சுவரில் மாட்டிவிட்டால் சொன்ன நேரத்துக்கு விளக்கைப் போடும் சாதனம். முகத்தைச் சுற்றிப் பற்கள். மூன்று மணிக்கான பற்கள் மட்டும் அழுத்தப்பட்டிருந்தன.

"நட்சத்திரத்துல இருந்து கழட்டினது. இதுக்கு மிதிபலகை தோதுப்படாது, மிதிக்க ஆள் இல்லையே. அதனாலதான் ரம்பத்தை நேரா இதுல மாட்டினீங்க. மூணு மணிக்கு நீங்க காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தீங்க. முதல் ஆளா ஓடி வந்து, முதுகைக் காட்டிக்கிட்டு இதைப் பையில போட்டீங்க."

ஷெம்ப் கோட்டின் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"மணி அடிச்சிருச்சு" என்றார். "அடிச்சும் அறுத்துக்கிட்டு இருந்தான். எல்லா சனிக்கிழமையும் இப்படித்தான், விளிம்பு வரைக்கும் வருவான். இன்னிக்குத் தாண்டிட்டான். போய்ச் சொன்னேன். காலை எடுத்து நிறுத்திட்டு, 'ஒரே ஒரு வெட்டுதான் பாக்கி ஷெம்ப்'னு சிரிச்சான். கட்டை கைக்கிட்ட இருந்துச்சு... கொல்லணும்னு போகல."

"ஒண்ணரைக்கே ஓட விட்டிருந்தா ரத்தம் ஈரமா இருந்திருக்கும். தூள் அதுல குழைஞ்சிருக்கும். உங்கமேல எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஏன் மூணு வரைக்கும் காத்திருந்தீங்க?"

ஷெம்ப் தலை நிமிர்ந்தார். அந்தக் கேள்வியே அவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணரைக்கா?" என்றார். "அமைதி நேரத்துல எப்படிங்க மெஷின் போடறது?"

பெண்டர் அவரை அழைத்துப்போனார். வால்ட்ராவுட் சிலுவை போட்டுக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார். பட்டறையில் ரிக்கெயும் இர்மாவும்தான். ரிக்கெ மேசைக் காலைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப அது... கடைசியில வேலை செஞ்சிருக்கா?"

"மதியம் ரம்பம் சட்டுனு நின்னுச்சுன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல? உங்கப்பா காலை எடுத்தாரு, நின்னுச்சு. மூடியில்லாம இப்படி ஒண்ணை யாரு வச்சிருந்தாலும் நான் திட்டுவேன். ஆனா இவ்வளவு ஒழுங்கா ஒரு மிதிபலகையை என் வீட்டுல நான் வச்சிருந்தா, இந்த விரல் தட்டையா இருந்திருக்காது."

ரிக்கெ கீழே உட்கார்ந்தாள். அன்று முதல் தடவையாக, தன் அப்பாவுக்காக மட்டும் அழுதாள்.