ஆடு நடந்த கரை

“கடல்ல எத்தினி புயல் வேணா வரட்டும், போட்ட வுடறேன். இந்த ஆத்துல ஆவாது தங்கச்சி! கடல்ல சுவர் கெடயாது, கம்பி கெடயாது, முங்கின கார் கெடயாது!”

குப்பத்துத் தேசிங்கு இப்படிக் கையை விரித்தபோது காலை மணி பத்து. அடையாறு ஊருக்குள் புகுந்து மூன்று தெருக்களை விழுங்கிவிட்டு நான்காவதை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ரயில் மேட்டின் சரிவில் அவனுடைய ஃபைபர் படகு ஆடிக்கொண்டிருந்தது. விடியலிலிருந்து மாடிகளில் சிக்கியவர்களை ஏற்றி இறக்கிக் களைத்திருந்தான்.

சபுரா அசையவில்லை. ஆட்டுத் தரகர் தாவூத் பாயின் மகள் அவள். இருபத்திரண்டு வயதில் தானே தரகு பேசுகிறவள். ‘ஆவாது’ என்றவன் இன்னும் எதிரிலேயே நிற்கிறான் என்றால் பேரம் முடியவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“அத்தா நேத்து சாயங்காலம் ஆத்தோர ஆட்டுப்பட்டிக்குப் போனார்ணா. முப்பத்தோரு ஆடு. ராத்திரி போன்ல ‘மேட்டுல இருக்கேன்மா’ன்னார். அதோட கட். பன்னெண்டு மணிக்கு மேல பெரிய ஏரி மதகைத் திறக்கிறாங்களாம், ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போறான். ரெண்டு மணிக்குத் தண்ணி இங்க வந்துரும்.”

“அதான் சொல்றேன், ஆபத்து!”

“ஒரு கிடா தர்றேன். எதுன்னு நீயே பொறுக்கிக்கோ.”

தேசிங்கு பதில் சொல்லுமுன் அவன் மச்சான் பூபாலன் என்ஜின் கயிற்றைச் சுண்டி இழுத்துவிட்டான்.

கைப்பேசி வரைபடத்தைப் பார்த்துத் தேசிங்கு படகை நேராக ஒரு புதுக் குடியிருப்புக்கு விட்டான். நுழைவாயில் வளைவில் ‘மலைமுகடு நகர்’ என்று பொன்னெழுத்து.

“மேடுன்னா இதான். பேர்லயே மல கீது!”

“விக்கிறவன் வெச்ச பேரை நம்பாதண்ணா. எங்க சந்தையில கெழட்டு ஆட்டுக்குத்தான் ‘இளவரசன்’னு பேரு வெப்பான்.”

அவன் கேட்கவில்லை. வளைவைத் தாண்டியதும் தண்ணீர் சன்னல் உயரத்துக்கு ஏறியது. மொட்டை மாடியில் குடைபிடித்து நின்ற ஒருவர், “இங்க ஆடும் வரல, ஆபீசரும் வரல!” என்று கத்தினார். அடுத்த நிமிடம் படகு ‘கிர்ர்ர்’ என்று முனகி நின்றது. எவருடைய தோட்டத்துக் கம்பி வேலியோ என்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது!

பூபாலன் மூழ்கி மூழ்கி அதை அறுத்தெடுக்க ஒரு மணி நேரம் போயிற்று. அதற்குள் சபுரா யோசித்து முடித்தாள். அத்தா தெருவைப் பார்த்து நடக்கிற ஆள் இல்லை; ஆட்டைப் பார்த்து நடக்கிறவர். ஆடோ குளம்பு நனைந்தால் முரண்டு பிடிக்கும். சின்ன வயதில் சந்தையிலிருந்து அவளும் மந்தையோடு நடந்திருக்கிறாள். நேர்ச்சாலையை விட்டுவிட்டு, பழைய மதகுக் கல் வழியாக, இடுகாட்டுச் சுவரோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ரயில் மேடுவரை ஆடுகள் வளைந்து வளைந்தே போகும். ஏன் இந்தச் சுற்று என்று அப்போது சலித்துக்கொண்டாள். இப்போது நாற்புறமும் தண்ணீரைப் பார்த்ததும் விளங்கியது. அது பாதையே அல்ல. பழைய ஏரியின் கரை! ஏரிக்குள் நகர்கள் முளைத்துவிட்டன. கரையை மட்டும் ஆடுகள் மறக்கவில்லை.

“அண்ணா, திருப்பு! இடுகாட்டுப் பக்கம்!”

“நல்ல எடமா சொல்றியே,” என்று முனகிக்கொண்டே பூபாலன் திருப்பினான்.

மதகுக் கல்லின் மேல் குந்தியிருந்தார் தாவூத் பாய், தலையில் துண்டு, சுற்றிலும் ஈரக் கம்பளிபோல் ஒட்டி நின்ற ஆடுகள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஜமீன் என்கிற கருங்கிடா, வாடகை வசூலிக்க வந்தவன்போல் முறைத்துக்கொண்டிருந்தது.

“அத்தா, ஏறுங்க!”

“ஆடு?”

“எட்டு ஏறும் பாய்,” என்றான் தேசிங்கு.

“அப்ப எட்டை ஏத்திட்டுப் போ. நாலு ஊர்க்காரன் என் வார்த்தையை நம்பி ஓட்டி வுட்ட ஆடு இது. மிச்சத்தோட நான் இருக்கேன்.”

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. ரயில் மேட்டுக்குப் போய்த் திரும்ப ஒரு நடைக்கு முக்கால் மணி. நான்கு நடைக்கு நேரமில்லை. சபுரா தண்ணீரில் குதித்தாள். முழங்கால்தான்!

“கரை கீழேயே இருக்கு அத்தா. எப்பவும் ஓட்டுற வழியிலயே நடத்திடலாம். ஜமீன் நடந்தா எல்லாம் நடக்கும். போட்டு கூடவே வரட்டும்.”

“ரோடு வெட்டின எடத்துல?” என்று கேட்டார் பாய்.

ரயில் மேட்டுக்குச் சற்று முன்னால் சாலைக்காகக் கரையை இருபது அடி அகலம் வெட்டியிருந்தார்கள். சபுரா படகின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள். இப்போதே சொன்னால் படகுக்காரன் மறுப்பான். பொருள் தேவைப்படும்போது கேட்டால் போதும்.

மழை வலுத்தது. பேசினால் பக்கத்து ஆளுக்கே கேட்கவில்லை. சபுரா கழியால் தரையைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் ஜமீனின் கயிற்றைப் பிடித்திருந்த பாய், சட்டென்று அவள் கையைப் பிடித்துத் துண்டால் மூடினார். சந்தையில் விலை பேசும் வழக்கம் அது. பிறர் அறியாமல் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் தரகர்கள் பேசுவார்கள். அவள் புரிந்துகொண்டாள். முன்னால் போகிற அவள் அவருடைய ஒரு விரலைப் பிடித்தால் முழங்கால் ஆழம், இரண்டு என்றால் தொடை, மூன்று என்றால் இடுப்பு. முழுக்கையையும் இறுக்கினால், நில்!

ஒன்று. ஒன்று. இரண்டு. இடுகாட்டுச் சுவர் போயிற்று. மூன்று! குட்டிகளைப் பூபாலன் படகுக்குள் அள்ளிப் போட்டான். மறுபடி ஒன்று. தண்ணீர்த் தொட்டி வந்தது, போயிற்று. ஒன்றேகால் மணி நேரம் விரல்களே பேசின.

அப்புறம் அவள் முழுக்கையையும் இறுக்கினாள். எதிரே வெட்டு, சுழித்துக்கொண்டு ஓடும் பழுப்பு நீர்.

சபுரா படகைத் தொட்டுக் காட்டி, இரு கரைக்கும் குறுக்கே கையை நீட்டினாள்.

தேசிங்கின் கண் பிதுங்கியது. “என் போட்ட பாலமாக்கப் பாக்கிறியா!”

“ஒரு கிடான்னு பேசினப்போ போட்டுக்கு எல்லை பேசலியேண்ணா!” என்று அவன் காதில் கத்தினாள்.

திட்டிக்கொண்டே ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் கட்டினான். மறு முனையைப் பூபாலன் வேப்பமரத்தில் கட்டினான். படகு குறுக்கே நின்று துடித்தது. ஜமீன் விளிம்பை முகர்ந்தது, பின்வாங்கியது. இழுத்தார்கள், தள்ளினார்கள், அது கல்லாய் நின்றது. அதே நேரம் விளக்குக் கம்பத்தில் தண்ணீர் ஒரு சாண் ஏறியதைத் தேசிங்கு பார்த்துவிட்டான்.

“ஏரித் தண்ணி! வந்துருச்சி!”

பூபாலன் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தான். எலுமிச்சைச் சோற்றைச் சற்றும் யோசிக்காமல் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, வாழை இலையை மட்டும் ஜமீனின் மூக்குக்கு நேரே ஆட்டியபடி படகுக்குள் பின்னால் நடந்தான். ஜமீன் ஒரே தாவல்! அதன் பின்னால் தட தட தடவென்று முழு மந்தையும்!

கடைசியாகப் பாய் வேப்பமரத்தைத் தொட்ட கணத்தில், கம்பத்துக் கயிறு அறுந்தது. படகு சுழன்று மரத்தில் மோதி நின்றது. தேசிங்கு அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தான். கீறல்தான், உடையவில்லை.

ரயில் மேட்டில் கூடியிருந்த கூட்டம் கைதட்டியது. பாய் மூச்சு வாங்கியபடி, “தேசிங்கு, கிடாவைப் பொறுக்கிக்கப்பா. அதுக்கு உண்டானதை அந்த ஊர்க்காரனுக்கு நான் குடுத்துக்கிறேன்,” என்றார்.

தேசிங்கு மந்தையைச் சுற்றி வந்து ஜமீன் முன் நின்றான். அது இலையின் கடைசி நரம்பை மென்றுகொண்டே அவனை முறைத்தது.

“இவன்தான். ஆனா வெட்டறதுக்கில்ல பாய். அடுத்த மழைக்கு வழி காட்ட ஆளு வேணும். போன் காட்டினது போதும்.”

பூபாலன் குறுக்கிட்டான். “மச்சான், அந்த மலைமுகட்டுல வூடு வாங்கணும்னியே?”

“மொதல்ல இவன அங்க கட்டிப் போடுவோம்,” என்றான் தேசிங்கு. “காஞ்ச எடம்னு படுத்தான்னா வாங்கலாம்.”