உரைகல்லில் வெள்ளை

உரைகல்லில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

சுட்ட வசம்பை உரைத்தால் கல்லில் கருப்புதான் இறங்கும். பூங்கோதை அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வசம்பின் காரத்துக்கு அடியில் வேறொரு கசப்பு. காலையும் இரவும் அவளே விழுங்கும் கசப்பு.

வலிப்பு மாத்திரை அட்டை இந்த மாதமும் சீக்கிரமே காலியாகியிருந்தது. மறதியில் இரண்டு தடவை போட்டுக்கொள்கிறோமோ என்று இதுவரை தன்னையே சந்தேகப்பட்டிருந்தாள்.

குழந்தைக்கு மருந்து உரைத்துப் புகட்டுவது மூத்த நாத்தனார் ஆண்டாள். புகட்டியதும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் பொம்மைப் பட்டறைக்குத் தூக்கிப்போய்விடுவாள். "அழுவுறதே இல்ல, தங்கம்" என்பாள். பூங்கோதையும் பெருமையாகச் சிரித்திருக்கிறாள்.

2004இல், எம்.எஸ்ஸி. ஆய்வுக்காக இதே மருந்தைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றியிருக்கிறாள். அவையும் சமர்த்தாகத் தூங்கின. வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. மூளையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான், செத்த செல்கள் மிளகுத்தூள் தூவியதுபோல் இறைந்து கிடந்தன.

பின்கதவைத் திறந்தாள். சூளையின் அனலும் ஈரக் களிமண் வாடையும் முகத்தில் அடிக்க, மதிய வெயிலில் தகரக் கூரை விட்டுவிட்டுச் சடசடக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாத அந்தப் பட்டறைக்குள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆண்டாள் பொம்மை அச்சைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஓடாக இறுகியது போக, நடுவிலிருந்த களிமண் கூழ் கொழகொழவென்று வாளியில் விழுந்தது.

"அண்ணி, புள்ளைக்கு என்ன உரைச்சீங்க?"

"வசம்புதான். கூட உன் மாத்திரையில துளி. உனக்கு வர்ற இழுப்பு அவனுக்கும் வந்துடக் கூடாதுல்ல?" ஆண்டாள் நிமிராமலே சிரித்தாள். "பொறந்ததுலேர்ந்து குடுக்குறேன். படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா!"

பூங்கோதை பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க அவன்?"

"தூளியில. எழுப்பி வுட்டுடாத, ஆமா."

இருட்டு மூலையில் தூளிகள் வரிசையாகத் தொங்கின. வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகள்.

"இதுங்களுக்கும் குடுத்தீங்களா?"

"கைராசின்னு கேக்குறாளுங்க. மாட்டேன்னா சொல்ல முடியும்?"

பூங்கோதை கைதட்டினாள். மறுபடியும். பலமாக.

பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். யாரோ ஒருத்தியின் கையிலிருந்த பொம்மை விழுந்து உடைந்தது.

தூளிகள் அசையவில்லை.

தன் பழைய பச்சைச் சேலையில் கட்டிய தூளியை விலக்கினாள். மகன் தூங்கவில்லை. கண்கள் திறந்திருந்தன. மூச்சு ஓடியது; ஆனால் இமைக்கவில்லை.

அடுத்த தூளி.

அதற்கடுத்தது.

எல்லாரும் விழித்தே இருந்தார்கள்.