பதியம்

உமாதேவியின் நகங்களுக்குள் மண் இருந்தது.

ஜெயபிரியா அந்த வலது கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலையில்தான் அவளே நகம் வெட்டி, வெந்நீரில் துடைத்துவிட்டிருந்தாள். பக்கவாதம் வந்து உடம்பும் வாயும் அடங்கிப்போய், கண்களை மட்டும் அசைக்கிற ஒருத்தி, மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவில் எங்கே போய் மண்ணைத் தொட்டிருக்க முடியும்?

"அக்கா, இது எப்படி வந்துச்சு?"

உமாதேவியின் கண்கள் கொல்லைக் கதவுக்குப் போயின. அங்கேயே நின்றன.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது அந்த வீடு. கொல்லையில், பச்சை நிழல்வலைக்குக் கீழே, இட்லிப்பூவும் குரோட்டன்ஸும் காகிதப்பூவும் வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் நின்றன. ரிசார்ட்டுகளுக்கு அழகுச் செடி வளர்த்துக் கொடுப்பது நம்பிராஜனின் தொழில். மனைவியைக் கவனித்துக்கொள்ள ஜெயபிரியாவை வேலைக்கு வைத்த அன்றே அவர் ஒன்று சொல்லியிருந்தார். "இடது மணிக்கட்டுல இருக்க துணிக்கட்டை மட்டும் தொடாதம்மா. சுகர் புண்ணு. நானே மாத்திக்கிடுதேன்." அந்தக் கையில் சுண்டுவிரல் இல்லை. அதுவும் சுகரால் எடுத்ததுதான் என்றார்.

ஆனால் மாத்திரை டப்பாவில் சுகர் மாத்திரை ஒன்றுகூட இல்லை. கட்டை மோந்து பார்த்தால் சீழ் நாற்றமும் இல்லை, மருந்து நெடியும் இல்லை. மழை விட்ட தோட்டத்தின் வாடை.

மனுஷன் பொய் சொல்கிறார். இந்த அக்காவை என்னவோ செய்கிறார். வாய் இருந்தால் கத்தியிருப்பாள்.

போலீஸ் வேலையில் இருக்கும் அண்ணன் விஜய்பாண்டிக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, நகத்துல மண்ணு இருக்குன்னு நான் என்ன கேஸு போட? நைட்டோட நைட்டா மம்பட்டி எடுத்து வயலுக்குப் போயிருப்பாளோ?" என்று சிரித்தான். அவள் சீறவும் குரல் இறங்கியது. "சரி, கோவப்படாத. அந்தக் கட்டைப் பிரிச்சு ஒரு போட்டோ அனுப்பு. புண்ணு இல்லன்னா நானே கெளம்பி வாரேன்."

நம்பிராஜன் எங்கே இருக்கிறார் என்று பார்க்கக் கொல்லைக்குப் போனாள். சாரல் காற்றில் நிழல்வலை உப்பி உப்பி அடங்கியது. ஒரு பெரிய குரோட்டன்ஸின் கிளையில், விரற்கடை அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்துக்கொண்டிருந்தார் அவர். அந்த இடத்தில் ஈரத் தென்னை நார்க்கழிவை அப்பி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, இரண்டு முனையையும் சணலால் இறுக்கினார்.

"என்ன அண்ணாச்சி, செடிக்கும் கட்டா?"

"பதியம்மா. உள்ள வேர் விட்டதும் கீழ வெட்டி நட்டா தனிச் செடி. இதுக்கு அடிவேர் அழுவிட்டு. இனி பிழைக்காது. அதான் உயிர் இருக்கப்பவே எடுத்துக்கிடுதேன்." கிளையைத் தடவிக்கொடுத்தார். "மனசு கேக்கணும்லா."

அந்தி மங்கும்போது லோடு ஆட்டோ வந்தது. வீரகேரளம்புதூருக்குப் போகிற செடிகள். பைகளை ஏற்றும் சத்தம், பின்கதவு சாத்தும் சத்தம், பிறகு இஞ்சின் சத்தம் சாலை வரைக்கும் போய், தூரத்து அருவியின் இரைச்சலில் கரைந்தது. அவரும் போய்விட்டார் என்றே ஜெயபிரியா நினைத்தாள்.

கரண்ட் போயிருந்தது. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க அக்கா. நான் இருக்கேன்ல."

வெள்ளைத் துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். துணிக்குக் கீழே பிளாஸ்டிக் தாள். உள்ளே யாரோ மூச்சு விட்டதுபோல் முத்து முத்தாக நீர். இரண்டு முனையிலும் சணல்.

சணல்.

அவிழ்த்தாள். ஈர நார்க்கழிவு மடியில் உதிர்ந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம். தோல் இல்லை. ரத்தமும் இல்லை. அந்த வளையத்தின் மேல்விளிம்பிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல்கள் தொங்கின.

நூல்கள் இல்லை.

ஒன்று அவள் விரலில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. சுற்றிக்கொண்டது.

கையை உதறினாள். உமாதேவியின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தன.

"பிரிச்சிட்டியா?"

நம்பிராஜன். கொல்லைக் கதவில். செடிகள் மட்டும்தான் போயிருந்தன. ஒரு கையில் கிளை வெட்டும் கத்தரி. இன்னொரு கையில், பிள்ளையை இடுக்குவதுபோல் இடுப்போடு அணைத்த ஒரு கறுப்புப் பை.

"அண்ணாச்சி... இது..."

"சத்தம் போடாதம்மா. அவ பயந்துருவா." குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "வேர் நல்லா எறங்கிட்டு. டாக்டரு இந்த மாசம் தாங்காதுன்னுட்டாரு. அதுக்குள்ள இவளை எடுத்துரணும்லா."

பையைக் கட்டிலில் வைத்தார். உமாதேவியின் வலது கையைத் தூக்கி, விரல்களைப் பை மண்ணுக்குள் மெல்ல அழுத்தினார்.

"தெனமும் தொட்டுப் பாப்பா. தாய் பக்கத்துல இருந்தாத்தான் இது தேறும்."

உமாதேவியின் கண்ணோரம் ஈரம். வலியா, சந்தோஷமா? தெரியவில்லை.

"லைட்டை இங்கன காட்டும்மா. மூட்டு பாத்து வெட்டணும்."

ஓட வேண்டும். எழுந்தாள். வெளிச்சம் பையின் மேல் விழுந்தது.

மண்ணில் நட்டுக்குத்தலாக ஒரு சுண்டுவிரல்.

நகம் வளர்ந்திருந்தது. அடிக்கணுவில் புதிதாக இரண்டு துளிர்த்திருந்தன. சின்னச் சின்ன விரல்கள். அரிசிமணி போல நகங்கள்.

ஜெயபிரியா பின்னால் நகர்ந்தாள். டார்ச் வெளிச்சம் இடதுபக்கம் நழுவியது.

மூன்று விரல்களும் மெதுவாக இடதுபக்கம் சாய்ந்தன.