அம்மா நிற்க வேண்டிய இடம்

கடலூர் செம்மண்டலத்தில் அனிதா வீட்டுக் கொல்லையில் ஓர் ஆடுகளம் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்காகத் துணி துவைக்கும் கல் இடம் மாறியது. கொடிக்கயிறு மாடிக்குப் போனது. துணி காயப்போட ஒரு மாதம் மாடி ஏறி இறங்கியதில் அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்.

எல்லாம் அம்மாவுக்காக.

அனிதாவின் அம்மா புஷ்பமேரி குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பள்ளியில் படித்தபோது வளையப்பந்து ஆடி மாவட்ட அளவில் கோப்பை வாங்கியவர். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீச வேண்டும். எதிரே நிற்பவர் அது கீழே விழாமல் ஒரே கையால் பிடித்துத் திருப்பி வீச வேண்டும். அதை எல்லாரும் ‘ரிங்’ என்றுதான் சொல்வார்கள்.

கிறிஸ்துமஸுக்கு அம்மா இருபது நாள் லீவில் வருகிறார். இருபது நாளும் அவரோடு ரிங் ஆட வேண்டும். ஆறாம் வகுப்பு படிக்கும் அனிதாவுக்கு இதைத் தவிர வேறு ஆசையே கிடையாது.

சிமெண்ட் போடுவதற்கு முன்பே கொத்தனார் தமிழ்மணி சொன்னார். “சார், மூலைப் பக்கம் கொஞ்சம் வாட்டம் குடுக்கறேன். அப்பத்தான் மழத்தண்ணி ஓடும்.”

அப்பா சூசைமாணிக்கம் கணக்கு ஆசிரியர். “வாட்டம்னா சாய்வுதான? அது வேணாம். சேத்தியாத்தோப்புல அனிதாவோட அம்மா படிச்ச ஸ்கூல் கிரவுண்டு ஒரு பக்கம் பள்ளமா இருக்குமாம். அதுல நின்னு ஆடியே நெறய மேட்ச் தோத்துட்டதா சொல்லுவாங்க. இங்க மட்டம்னா மட்டம்தான்.”

“கடலூர் மழை சார், பாத்துக்குங்க.”

“பாத்துக்கலாம்.”

கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூசினார். வழுக்காமல் இருக்க, ஈர சிமெண்டில் துடைப்பத்தால் வரிவரியாக இழுத்தார். மண் சரிந்து உள்ளே வராமல் இருக்கச் சுற்றிலும் ஒரு வரிசை செங்கல் கட்டினார். பிறகு வெள்ளைக் கோடு போட்டார்கள், வலை கட்டினார்கள்.

பக்கத்து வீட்டு காயத்ரி ஓடி வந்தாள். “நான் அந்தப் பக்கம் நிக்கட்டுமா?”

“அது எங்கம்மா எடம். அவுங்க வந்துதான் மொத ஆட்டம்” என்றாள் அனிதா.

காயத்ரியின் முகம் சுண்டிப்போனது. அனிதாவுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் பள்ளி விட்டு வந்ததும் தன் பக்கத்தில் நின்றுகொண்டு எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பாள். அங்கே அம்மா நிற்பதாக நினைத்துக்கொள்வாள். நினைக்க நினைக்க ஏக்கம் கூடுமே தவிரக் குறையாது.

டிசம்பர் வந்தது. கூடவே மழையும் வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியதில் ஆடுகளம் குளமாகிவிட்டது. வாட்டம் இல்லாததால் தண்ணீர் போக வழியில்லை. அம்மாவின் இடத்தில் ஒரு தவளை யாரிடமும் கேட்காமல் வந்து குடியேறியது.

நான்காம் நாள் அம்மா போனில் வந்தார். “அனிதா கண்ணு, ஒண்ணு சொல்றேன், அழக் கூடாது. இங்க ஆள் பத்தலயாம். லீவத் தள்ளி வெச்சுட்டாங்க. ஈஸ்டருக்குத்தான் வர முடியும்.”

அனிதா அழவில்லை. “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்தாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் மழை விட்டது. சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது கொல்லையில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. அப்பா கணுக்கால் தண்ணீரில் நின்று துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளத் தள்ளத் தண்ணீர் அவரிடமே திரும்பி வந்தது.

“ஈஸ்டருக்கு இன்னும் நாலு மாசம் இருக்கேப்பா. இப்ப எதுக்குத் தள்றீங்க?”

அப்பா நிமிரவில்லை. “சும்மாதான். அம்மா வருவாங்கன்னு தெனமும் நாள் எண்ணிக்கிட்டு இருந்தேனா, இப்ப என்ன செய்யறதுன்னே தெரியல.”

அனிதா அவரையே பார்த்தாள். ஏங்கிக்கொண்டிருப்பது தான் மட்டும்தான் என்று இத்தனை நாளாக அவள் நினைத்திருந்தாள். அப்பாவைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

உள்ளே ஓடிப்போய் வளையத்தை எடுத்து வந்தாள். “அப்பா, தொடப்பத்தப் போட்டுட்டு அங்கயே நில்லுங்க. ஆடலாம்.”

“தண்ணி நிக்குதேம்மா.”

“ரிங்கு கீழ விழக் கூடாதுங்கறதுதான ஆட்டமே. கீழ தண்ணி இருந்தா நமக்கென்ன?”

கணக்கு ஆசிரியர் யோசித்துப் பார்த்தார். அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. “ஆனா, இது அம்மா எடமாச்சே.”

“அம்மா வர்ற வரைக்கும் அவுங்களுக்காக நீங்க ஆடுங்க.”

அனிதா பின்னலிலிருந்த ரிப்பனை அவிழ்த்தாள். அப்பாவின் போனை வலைக்கம்பத்தில் வைத்துக் கட்டி வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிட்டாள். பிறகு மதிலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “காயத்ரி, நீயும் வாடி. என் பக்கம் நில்லு.”

காயத்ரி செருப்பைக்கூட மாட்டாமல் வந்து சேர்ந்தாள். தவளை தானாகவே வெளியேறியது.

வளையம் பறந்தது. தண்ணீர் தெறித்தது. அப்பா எம்பிப் பிடித்தார்.

“என்னங்க, ரெண்டு கையால பிடிச்சுட்டீங்க. ஃபவுல்” என்றது போன்.

“அங்கேருந்து உனக்கு எப்படித் தெரியுது மேரி?”

“உங்க வழுக்கத் தலையே தெரியுது, கை தெரியாதா?”

காயத்ரி சிரித்த சிரிப்பில் அடுத்த வளையத்தைக் கோட்டை விட்டாள். ஆனாலும் இருபத்தொன்றுக்கு ஒன்பது என்று பெண்கள் பக்கம்தான் வெற்றி. அப்பா தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்.

“கடைசில யாரு ஜெயிச்சது?” என்று கேட்டார் அம்மா.

“நாங்கதான். அப்பா உனக்காக ஆடுனாரு. அதனால தோத்தது நீதாம்மா.”

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி, நான்தான் தோத்தேன். டியூட்டிக்குக் கெளம்ப இன்னும் அரை மணி நேரம் இருக்கு. எனக்காக இன்னொரு ஆட்டம் ஆடுங்க.”

அப்பா வேட்டியைப் பிழிந்து மடித்துக் கட்டிக்கொண்டு, அம்மாவின் இடத்தில் போய் நின்றார்.