கிணற்றில் முளைக்காத பாசி

வீட்டை விட்டுப் போன இருபத்தாறாவது மணி நேரத்தில் கடற்கரை என்ற விவசாயியின் உடல் கிடைத்தது. 1998, மே மாதம். பசுவந்தனைக்கு அருகே ஒரு கரிசல் கிராமம். கிடைத்த இடம் மந்திரமூர்த்தியின் கிணறு. வரப்புத் தகராறில் இருவரும் முந்தின வாரம்தான் கைகலந்திருந்தார்கள். மந்திரமூர்த்தியை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். மறுநாள் கோர்ட். அவன் மனைவி பேபி கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்றாள்.

எஸ்.ஐ. முத்துசெல்வி தாவரவியல் படித்தவள். பிணத்தின் இறுகிய விரல்களைப் பிரித்தாள். உள்ளே வேரோடு ஒரு கொத்து வேலம்பாசி, தண்ணீரின் அடித்தரையில் முளைக்கும் செடி. பச்சை மாறவில்லை.

காலை 9.10. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினாள்.

"மேடம், கிணத்துக்குச் சோறு வைக்கப் போறியளா?" என்றார் ஏட்டு நந்தகோபால்.

ஒரு முழம் இறங்கியதும் தட்டு மறைந்தது. கரம்பை மண் கரைந்து கலங்கிய தண்ணீர். வெயில் எட்டாத அடியில் இந்தப் பாசி முளைக்காது.

10.30. குடிதண்ணீர் ஊருணி. சுற்றிலும் முள்வேலி. ஆடுமாடு இறங்காததால் தண்ணீர் கலங்குவதில்லை. இங்கே தட்டு தரை வரை தெரிந்தது. தரையெங்கும் பாசி. கரையோரம் ஓர் ஆள் அகலத்துக்குப் பிய்ந்து கிடந்தது.

மாலை 4.00. கோவில்பட்டியிலிருந்து பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. இரண்டு முறை படித்தாள். யாரிடமும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஊருணிக் காவல் தங்கசாமி, இறந்தவனின் அண்ணன். விடியுமுன் முள்வேலிப் படலைத் திறப்பவர் அவர்தான். அவரை ஸ்டேஷனுக்கு வரவழைத்தாள்.

"கடற்கரை விழுந்தது ஊருணியில. தூக்கிட்டுப் போனது நீங்க. ஏன் அண்ணாச்சி?"

வெகுநேரம் அவர் வரப்புத் தகராறையே பேசினார். பிறகு தலை கவிழ்ந்தார்.

"ஊருணியில பிணம் விழுந்தா தண்ணி பூராவையும் இறைச்சுக் கொட்டணும்மா. அது ஊர் வழக்கம். ஐப்பசி வரைக்கும் மழை கிடையாது. புள்ளகுட்டியெல்லாம் எதைக் குடிக்கும்?"

தம்பிக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு உண்டாம். குப்புறக் கிடந்தானாம். தோளில் போட்டுப் போய்ப் பக்கத்துக் கிணற்றில் இறக்கிவிட்டாராம். மந்திரமூர்த்தி மாட்டுவான் என்று நினைக்கவில்லையாம்.

"மூச்சு இருக்கான்னு பாத்தியளா?"

"ஜனம் குடத்தோட வருத நேரம்மா."

மந்திரமூர்த்தியை வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். நந்தகோபால் வெளியே போனார். தங்கசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தம்பி செரமப்படாமத்தான போயிருப்பான்?"

அவள் அறிக்கையை எடுத்தாள். பிரிக்கவில்லை.

"நுரையீரல் பூரா கரம்பை, அண்ணாச்சி. நீங்க கிணத்துல போடும்போது அவருக்கு உயிர் இருந்திருக்கு."